பன்றிக்குத் தைத்த பனியன்

பன்றிக்குப் பனியன் தைக்க ஆர்டர் வந்திருக்கிறது என்று முதலாளி சொன்ன அன்றைக்கு எங்கள் கம்பெனியில் பாதி நாள் வேலை கெட்டது. செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அயர்ன் மாஸ்டர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டி, "அளவெடுக்க நான் வேணா நிக்கட்டுங்களா?" என்றார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஆர்டர் பிடித்து முடித்துக் கொடுக்கிற மெர்ச்சண்டைசர் என்று கார்டு அடித்து வைத்திருப்பவன் நான். ஜெர்மனிக்காரனோடும் டென்மார்க்காரனோடும் போனில் பேசித் திரிந்தவனைப் பன்றிக் கொட்டகைக்கு அனுப்புகிறாரே இந்த மனுஷன் என்று எனக்கு வயிறு எரிந்தது.

"ஏனுங்க, சீசன் இல்லாத நேரத்துல தேடி வர்ற வேலைய வேண்டாங்க முடியுங்களா? பன்னி போட்டா என்னுங்க, பாரின்காரன் போட்டா என்னுங்க, தையல் தையல்தானுங்களே" என்றார் முதலாளி. அவர் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. மரியாதையாகப் பேசியே ஆளைச் சாகடித்துவிடுவார்.

எங்கள் கம்பெனி அருள்புரத்தில். ஆர்டர் கொடுத்தது அவிநாசிபாளையம் தாண்டி உள்ளே தள்ளி இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம். பேர் வேண்டாம். தீக்காயத்துக்கு ஒரு புதுக் கட்டுத்துணி கண்டுபிடித்து அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். பன்றியின் தோலும் மனிதனின் தோலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆறுமாம். அதனால் பன்றிக்கு மயக்கம் கொடுத்து, முதுகில் சூடு வைத்து, காயத்தின்மேல் அந்தத் துணியைக் கட்டி, எப்படி ஆறுகிறது என்று வாரக்கணக்கில் பார்ப்பார்கள். மயக்கம் தெளிந்த பன்றி சும்மா இருக்குமா? முதுகைக் கொண்டுபோய்க் கம்பியில் தேய்த்துக் கட்டைப் பிய்த்து எறிந்துவிடும். அதற்குத்தான் பனியன். முன்னங்கால் இரண்டும் நுழைகிற மாதிரி, முதுகை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி, வயிற்றுப் பக்கம் வெல்க்ரோ வைத்துத் தைக்க வேண்டும்.

சூடு வைப்பார்கள் என்று கேட்டதும் கம்பெனியில் சிலர் உச்சுக் கொட்டினார்கள். நான் கொட்டவில்லை. என் தம்பி சாயப்பட்டறையில் வேலை செய்தபோது நீராவிக் குழாய் வெடித்துக் கழுத்தும் மார்பும் வெந்துபோனவன். அவனுக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் வார்டுக்கு வெளியே நின்றவன் நான். பழைய துணி சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரித்துத்தான் எடுப்பார்கள். "அண்ணா, வேண்டாம்னு சொல்லுண்ணா" என்று உள்ளேயிருந்து கத்துவான். உயிர் பிழைத்துவிட்டான். ஆனால் கழுத்துத் தோல் சுருங்கி முகவாயை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டது. இன்றைக்கும் அவன் மேலே பார்க்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து பின்னால் சாய வேண்டும்.

அந்தப் புதுத் துணி சதையில் ஒட்டாது, தண்ணீர் விட்டால் தானாகக் கழன்று வந்துவிடும் என்று அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னபோது, எத்தனை பன்றி வேண்டுமானாலும் சுடுங்கள் தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அளவெடுக்க என்னோடு வந்தவர் எங்கள் சாம்பிள் டெய்லர் அக்கா. திருப்பூரில் எந்த ஆர்டரானாலும் முதலில் ஒரே ஒரு துணி தைத்து, ஆர்டர் கொடுத்த பையரிடம் காட்ட வேண்டும். அவன் சரி என்றால்தான் மற்றதெல்லாம். அந்த ஒரு துணியைத் தைப்பவர் அவர். அவர் தைத்த சாம்பிள் திரும்பி வந்தது என்று ஒரு பேச்சு எங்கள் கம்பெனியில் கிடையாது. கழுத்து தைத்து முடித்ததும் உள்ளே இரண்டு விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். விரல் தாராளமாகப் போனால் "சரியா இருக்குங்க" என்பார். அதற்கு மேல் யாரும் டேப் வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

பன்றி என்றதும் அவர் முகம் சுளிக்கவில்லை. பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது பன்றிக்கறி வாங்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். திங்கட்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிடும். மிளகு தூக்கலாகப் போட்டு, தேங்காய்ச் சில்லு கலந்து, அப்படி ஒரு கறி.

கொட்டகையில் அப்போது ஒரே ஒரு பன்றிதான் இருந்தது. வெள்ளைப் பன்றி, இடது காதில் கட்டைவிரல் வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. டாக்டரம்மா மதுரைப் பக்கம். விறுவிறுவென்று பேசினார்.

"பனியனுக்கு அளவு பாக்கத்தான் இத மட்டும் முன்னாடியே வாங்கிருக்கோம். பனியன் ரெடியானதும் மத்தது வந்துரும். இதையும் சேத்து ஆரம்பிச்சிருவோம். ஆனா சீக்கிரம் குடுத்துருங்க. முப்பத்தஞ்சு கிலோவுக்கு மேல போச்சுன்னா அது எங்க ஸ்டடிக்கு ஆகாது."

கொட்டகை ஆள் பன்றியைத் தராசில் ஏற்றி எடையைச் சத்தமாகப் படித்தார். வரம்புக்கு நிறையவே இடம் இருந்தது. அக்கா குனிந்து, மார்புச் சுற்றளவு, கழுத்து, முதுகு நீளம் என்று அளவெடுத்தார். அந்த சனியனும் ஒரு கூச்சல் இல்லாமல் நின்றது. அக்குளில் டேப் பட்டதும் தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது. பிறகு டேப்பின் நுனியைச் சவைக்க ஆரம்பித்தது. அக்கா அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டி, "இதா பாரு, பசிச்சா டேப்பையா தின்பே" என்று சிரித்தார். அது அவர் முழங்காலில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியது.

முதல் சாம்பிளைக் கொண்டுபோய் மாட்டினோம். கழுத்து இறுக்கிப் பிடித்தது. பன்றிக்கு மூச்சு இரைத்தது. அக்கா விரலை விட்டார், ஒரு விரல்கூட நுழையவில்லை. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். எனக்கு நம்பவே முடியவில்லை. சரி, பன்றி புதுசுதானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த தடவை கால் நுழைகிற ஓட்டை பெரிதாகிவிட்டது. பன்றி நாலு எட்டு நடந்ததும் கால் வெளியே வந்துவிட்டது. அதற்கடுத்த தடவை உள்தையல் தடித்து நடு முதுகிலேயே விழுந்திருந்தது. "காயத்து மேலயே உரசுமே, இதுகூடவா தெரியாது?" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு மானமே போயிற்று. வண்டியில் வரும்போது வழியெல்லாம் அக்காவைத் திட்டினேன். ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன்னால் கொட்டகை ஆளிடம், "இன்னிக்கு எவ்வளவுங்க?" என்று பன்றியின் எடையைக் கேட்டுக்கொள்வார். அதுவும் இவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவுக்கு ஓடி வர ஆரம்பித்திருந்தது.

எனக்கு அப்போதுதான் மூக்கில் வேர்த்தது. திரும்பி வந்த பனியன்களை மேசையில் விரித்து பேட்டர்ன் அட்டையை மேலே வைத்துப் பார்த்தேன். வெட்டு சுத்தமாக இருந்தது. தையலில்தான் கோளாறு. கழுத்தில் அரை இஞ்ச் கூடுதலாகப் பிடித்துத் தைத்திருந்தார். தெரியாமல் பிடித்த தையல் எங்காவது கோணும். இது ரூல் போட்ட மாதிரி நேராகப் போயிருந்தது.

டீ நேரத்தில் பேக்கரிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "அக்கா, வேணும்னே பண்றீங்களா?"

"ஆமாங்க தம்பி" என்றார். வர்க்கியை டீயில் தோய்த்துக்கொண்டே சொன்னார். இல்லை என்று சாதிப்பார், சண்டை போடலாம் என்றுதான் போயிருந்தேன்.

"எதுக்குங்க?"

"எடை ஏறட்டும்னு தானுங்க. முப்பத்தஞ்சு தாண்டிப்போட்டா விட்டுருவாங்கல்லங்க."

"ஞாயித்துக்கெழம தின்னும்போது இந்தப் பாவம் புண்ணியம் எல்லாம் தெரியலீங்களா?"

"அது கறிங்க தம்பி. இதுக்கு நான் அளவெடுத்துப்போட்டனுங்க." டம்ளரைத் தள்ளி வைத்தார். "இத்தன வருசமாத் தெக்கறேன், நான் தெச்சத யாரு போட்டாங்கன்னு ஒருத்தரக்கூடப் பாத்ததில்லீங்க. மொத மொதல்ல என்ற கையாலேயே மாட்டிப் பாத்த ஒடம்பு இதுதானுங்க. இதுல சூடு வெப்பாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்பிடிங்க முடிச்சுக் குடுக்கறது?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "என்ற தம்பி கழுத்தப் பாத்திருக்கறீங்கல்ல? அவன் கத்தின கத்து உங்களுக்குத் தெரியுமுங்களா? அந்தத் துணி ஒரு வாரம் முன்னால வந்தா ஒருத்தன் அப்படிக் கத்தாம இருப்பானுங்க. நீங்க ஒரு பன்னியக் கொஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கறீங்க!"

"தெரியுமுங்க தம்பி. நான் ஸ்டடி வேண்டாங்கலியே. மத்தத என்னமோ பண்ணிக்கட்டும். இந்த ஒண்ண விட்டுறட்டும்."

"மொதலாளிகிட்டச் சொல்லிப்போடுவனுங்க."

"சொல்லுங்க தம்பி."

சொன்னால் அவருக்கு வேலை போகும். அவர் போனால் சாம்பிள் தைக்க ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த தடவை சரியாக வரவில்லையென்றால் நானே மிஷினில் உட்கார்ந்து தைத்துவிடுவேன் என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன். "அடுத்த தடவ சரியா வந்துருமுங்க" என்றார் பின்னாலிருந்து.

வந்தது. அன்றைக்குத் தராசில் ஏறியபோது பன்றி முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. எடையைக் கேட்ட பிறகுதான் அக்கா பையிலிருந்து பனியனை வெளியே எடுத்தார். மாட்டினால் தோலோடு தோலாக உட்கார்ந்தது. பன்றி ஓடியது, புரண்டது, கம்பியில் தேய்த்தது. ஒரு நூல் நகரவில்லை. டாக்டரம்மா கை தட்டினார். "இது பெருசாப் போச்சு, ஸ்டடிக்கு ஆகாது. பரவால்ல, பனியன் இப்படித்தான் வேணும்" என்று சொல்லிக் கழற்றிய பனியனில் கையெழுத்துப் போட்டு, அட்டை கட்டி, என்னிடம் கொடுத்தார். அக்கா வரும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாம்பிள் செக்‌ஷன் மொத்தத்துக்கும் தேங்காய் பன் வாங்கினார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "சும்மாத்தான், தின்னுங்க கண்ணு" என்றார். இத்தனை பிடிவாதம் எதற்கு என்று எரிச்சலாக இருந்தாலும் நானும் ஒன்று தின்றேன்.

கையெழுத்துப் போட்ட சாம்பிள் என்றால் எங்கள் ஊரில் அது சாமி சிலை மாதிரி. பையர் கண் முன்னால் இல்லை. அவன் உடம்பு எப்படி என்று யாருக்கும் தெரியாது. அந்தத் துணிதான் பையர். அதிலிருந்து அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கண்டெய்னரோடு திருப்பி அனுப்பிவிடுவான். அப்படி அடிபட்டு அடிபட்டு வளர்ந்த ஊர் இது. அதனால் கட்டிங் மாஸ்டர் அந்த சாம்பிளை வைத்து வெட்டினார். அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் தைத்தார்கள். செக்கிங் பெண்கள் ஒவ்வொரு பனியனையும் அதன்மேல் போட்டு அளந்து பார்த்து அனுப்பினார்கள். ஒன்றுகூடக் கழியவில்லை. டெலிவரி கொடுத்துவிட்டு வந்து முதலாளியிடம் மார் தட்டிக்கொண்டேன். யார் போடப்போகிறார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

போடப்போகிறவை அதன் பிறகுதான் பண்ணையிலிருந்து வந்து இறங்கின. அவ்வளவும் குட்டி. காதில் பொட்டு வைத்த பன்றியில் ஏறக்குறைய பாதி.

டாக்டரம்மா போன் பண்ணியபோது குரலே சரியில்லை. உடனே வாங்க என்றார், அவ்வளவுதான். அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனேன். கொட்டகைக்குள் நுழையும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. சீழ் நாற்றம். என் தம்பி வார்டில் அடித்த அதே நாற்றம்.

வெல்க்ரோவைக் கடைசி வரை இழுத்து ஒட்டியும் பனியன் அவற்றின் உடம்பில் தொளதொளவென்று கிடந்தது. சிலதுக்கு மேல்பக்கம் சுற்றிக்கொண்டு வயிற்றடிக்கு வந்துவிட்டது. முதுகில் சதுரம் சதுரமாகச் சுட்ட காயங்கள் திறந்து கிடந்தன. கட்டுத்துணியைப் பிய்த்து ஒன்றின் முதுகிலிருந்ததை இன்னொன்று தின்றிருந்தது. ஒரு குட்டி, தளர்ந்த கழுத்துக்குள் தன் பின்னங்காலை மாட்டிக்கொண்டு, எடுக்கத் தெரியாமல், வட்டமாகச் சுற்றிச் சுற்றி விழுந்தது. சாணியும் சிறுநீரும் காயத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தன. ஈயை விரட்டக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. ஊசி போடப் போட வலி குறையவில்லை என்று கொட்டகை ஆள் சொன்னார். அவர் கண் சிவந்திருந்தது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அது பெருசுன்னு" என்று டாக்டரம்மா என்மேல் பாய்ந்தார். "குறைச்சுத் தச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். சுட்டப்புறம் மாட்டுனாத்தான் தெரியுது. டேப்ப போட்டு ஒட்டிப் பாத்தேன், கட்டிப் பாத்தேன், நிக்கல."

"நீங்க கையெழுத்துப் போட்ட சாம்பிள்ல நாங்க எப்பிடிங்க கை வெக்கறது?" என்று நானும் கத்தினேன். "சைஸ் மாத்தோணும்னா நீங்கதானுங்க எழுதிக் குடுக்கோணும்!"

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்திவிட்டு ஓய்ந்தோம். எல்லாவற்றையும் இன்றைக்கு முடித்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. சீழ் பிடித்த காயத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மறுபடியும் குட்டிகள் வாங்க வேண்டும், மறுபடியும் சுட வேண்டும், முதலிலிருந்து. இவை பட்ட அத்தனையும் கணக்கிலேயே வராது. சொல்லிக்கொண்டே அவர் மூக்கை உறிஞ்சினார்.

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு தடுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "காதுல பொட்டு வெச்சது எங்கீங்க?" என்று கேட்டார்.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "அதுவா? அது அன்னைக்கே முடிச்சாச்சும்மா" என்றார். "வெயிட் தாண்டினத வச்சுக்க இடம் இல்ல. ஒரு தடவ உள்ள வந்தத வெளிய விடவும் கூடாது, ரூல். நீங்க போன கொஞ்ச நேரத்துலயே ஊசி போட்டுட்டோம்."

நாங்கள் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்த நேரம்.

அக்கா தலையை ஆட்டினார். "சுடலீங்களே?"

"இல்லம்மா. சுடல."

"அப்பச் சரிங்க" என்றார்.

வண்டியில் வரும்போது என்னால் அடக்க முடியவில்லை. நாக்கில் வந்ததையெல்லாம் பேசினேன். "ஒண்ணக் காப்பாத்தறன்னு கெளம்பி ஒரு கொட்டகையவே புழுக்க வெச்சுப்போட்டீங்க. இன்னொரு கொட்டகையும் உங்களால வேகப்போகுது. அதையாச்சும் காப்பாத்துனீங்களா? அதுவும் இல்ல. நல்லாருக்குதுங்களா? போயி உங்க ஏசுகிட்டச் சொல்லுங்க" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே அதிகம் என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னேன். பொங்கலூர் வந்த பிறகுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"எனக்கு அந்த ஒண்ணத்தானுங்க தம்பி தெரியும்" என்றார். அழவில்லை.

முதலாளிக்கு எடை விஷயம் தெரியாது. "தப்பு யாரு மேல இருந்தாலும் பரவாயில்லீங்க, புதுசா அளவெடுத்துத் தெச்சுக் குடுத்துருங்க" என்றார். அடுத்த திங்கட்கிழமையும் அக்காவின் டிபன் பாக்ஸில் கறி வந்தது. வழக்கம்போல மூடியில் எனக்குப் பங்கு வைத்தார். எனக்குத்தான் இறங்கவில்லை.

புதிதாக அளவுக்கு வந்த பன்றியும் குட்டிதான். இந்தத் தடவை டாக்டரம்மா எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை என்று எழுதிக் கொடுத்தார், வெல்க்ரோவை நீளமாக வைக்கச் சொன்னார். அக்கா அளவெடுத்தபோது குட்டி பயந்து கீச்சிட்டது. அவர் மூக்கில் தட்டவில்லை, பேச்சுக் கொடுக்கவில்லை. முதுகில் ஒரு கையை அழுத்தி வைத்தார். அது அடங்கி, மெதுவாக அவர் காலில் சாய்ந்தது. அளவை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாளே பனியனோடு போனோம். இதையும் கெடுத்துத் தைத்திருப்பாரோ என்று எனக்கு வழியெல்லாம் பதற்றம். இந்தப் பொம்பளை எதுவும் செய்வார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொட்டகை ஆள் குட்டியைத் தராசில் ஏற்றி எடையைச் சத்தமாகப் படித்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பனியனை மாட்டினார். வெல்க்ரோவை ஒட்டினார். கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். விரல் தாராளமாகப் போனது.

"சரியா இருக்குங்க" என்றார். "இதையே வெச்சுக்குங்க."

டாக்டரம்மா இழுத்துப் பார்த்தார், குட்டியை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. "ஒரே தடவைல முடிச்சிட்டீங்களே! மத்ததெல்லாம் சாயங்காலம் வந்துரும். பனியன் எல்லாம் வந்த கையோட இதையும் சேத்து ஆரம்பிச்சிரலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட அட்டையை எடுத்தார்.

அக்காவே குனிந்து பனியனைக் கழற்றினார். சுருக்கம் நீவி, நாலாக மடித்து, டாக்டரம்மாவிடம் நீட்டினார். கையெழுத்தானதும் நான் வாங்கிப் பையில் வைத்தேன். நாங்கள் வெளியே நடந்தபோது குட்டி பின்னாலேயே ஓடி வந்து, திறந்திருந்த கதவில் நின்று, அக்காவின் புடவையை மோந்து பார்த்தது. அவர் புடவையை இழுத்துக்கொண்டார்.

"கதவச் சாத்திட்டு வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். நான் அதன் மூக்கைக் காலால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.